குனிந்தால் கேட்காத பெட்டி

அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர். சத்தத்துக்கு மட்டும் முப்பது பேர். டெலிபோன் ரிப்பேர்காரர் இருமினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி பதிலுக்கு இருமும். அவர் மனைவி பாத்திரம் கழுவ உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்கள் இங்கே எப்போது ஃபாக்டரி வந்தது என்று நின்று பார்ப்பார்கள். மனைவியின் அண்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மைக் மாமா என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் அவருக்கு. பிறந்ததிலிருந்து மைக் தேவைப்படாத மனிதர் என்பதால். யாராவது அவர் காதில் ரகசியம் சொன்னால், "அப்படியா?" என்று அவர் கேட்கிற ஒரே கேள்வியில் மூன்று தெருவுக்கும் முழு விவரமும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த வீட்டில் வந்து எப்படித்தான் பிறந்தாளோ, ரிப்பேர்காரரின் ஒரே மகள் பஞ்சு தரையில் விழுகிற சத்தத்தில் பேசுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது அழுதாளா என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. அழுதிருப்பாள். கேட்டிருக்காது.

கல்யாணமாகி, ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற தூரத்தில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர், இரண்டு மாதம் தரை. மகள் தனியாக இருக்கிறாளே என்று ரிப்பேர்காரர் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கருவிப் பையோடு கிளம்பிப் போனார். போன அன்றே மகள் வீட்டு டெலிபோனைப் பிரித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு டெலிபோன். அதற்கு அடுத்த நாள் அந்தக் கட்டடத்து அழைப்பு மணிகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஏணியில் ஏறினார். நாலாம் நாள், எந்த வீட்டு மணியை அழுத்தினாலும் பதினாறு வீட்டிலும் கதவு திறந்தது. பால்காரருக்குப் பதினாறு பேர் ஒரே நேரத்தில் முறைத்துப் பார்த்ததில் காய்ச்சலே வந்துவிட்டதாம்.

ரயிலேற்றிவிட வந்த மகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒன்று சொன்னாள்.

"அப்பா, இனிமே நான் கூப்பிட்டா மட்டும் வாங்க."

வாழ்நாள் முழுக்க மகள் சொன்னதில் பாதி அவர் காதில் விழுந்ததில்லை. இது விழுந்தது. ஊர் வந்து சேர்கிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், அவள் வாயால் வாங்க என்று சொல்கிறவரை இந்த வீட்டிலிருந்து ஒரு ஆளும் அந்த ஊர் வண்டியில் ஏறக்கூடாது என்று அறிவித்தார். மைக் மாமா அதைத் திரும்பச் சொல்லி ஊருக்கும் தெரியப்படுத்தினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகள் போன் செய்யும்போதெல்லாம், ரிப்பேர்காரர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வரட்டுமா கண்ணு?" அவளும், இப்ப வேண்டாம்பா, தேவைப்பட்டா சொல்றேன் என்பாள். அந்தத் 'தேவைப்பட்டா'வைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவார். பெட்டி படுக்கை எப்போதும் தயாராக இருந்தது. அழைப்பு மணி பக்கமே போக மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம்கூடச் செய்திருந்தார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் மகள் தனக்கு மூன்று மாதம் என்று சொன்னாள். கேட்டது மனைவி. மனைவி கையிலிருந்து ரிசீவரை மைக் மாமா பிடுங்கினார். அவர் கையிலிருந்து ரிப்பேர்காரர் பிடுங்கினார். இழுத்த இழுப்பில் ரிசீவர் வயர் அறுந்தது. அந்த வருஷத்தில் அது மூன்றாவது வயர். டாக்டர் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார் என்பது வரை கேட்டது மனைவிக்கு மட்டும்தான். மற்ற இருவரும் அவளை விசாரித்த விசாரணையில், கேட்டது என்ன, கேட்காதது என்ன என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

இந்தத் தள்ளுமுள்ளு இனி ஆகாது என்று ரிப்பேர்காரர் முடிவு செய்தார். பிறக்கப் போகிற பேரக்குழந்தையின் முதல் அழுகையை எல்லோரும் ஒன்றாகக் கேட்க வேண்டும். ரிசீவரே இல்லாத ஒரு பெட்டியைத் தன் கையால் செய்தார். நடுவில் ஸ்பீக்கர், கீழே மைக், பக்கத்தில் எண் பொத்தான்கள். மணி அடிப்பதும் அதே ஸ்பீக்கரில்தான். அழைப்பு வரும்போது மணிக்குக் கொடுத்த ஸ்பீக்கரை, பொத்தானை அழுத்தியதும் பெட்டி பேச்சுக்கு மாற்றிவிடும். முதல்முறை மணி அடித்தபோது மூன்றாம் தெருவில் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார், பின்னால் லாரி வருகிறதென்று.

ஒரே பெட்டியில் மைக்கும் ஸ்பீக்கரும் இருந்தால் ஒரு தொல்லை உண்டு. ஸ்பீக்கரில் வருகிற குரலை மைக் பிடித்து லைனுக்குத் திருப்பி அனுப்பும். அது சுற்றிக்கொண்டு மறுபடி ஸ்பீக்கருக்கே வரும். சுற்றச் சுற்றப் பெருத்து, கடைசியில் பெட்டி ஊளையிடும். அதனால் உள்ளே ஒரு காவல்காரனை வைப்பார்கள். ஆள் இல்லை, நாலைந்து சின்னச் சின்னப் பாகங்கள்தான். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு வழிவிட்டு, மறுபக்கத்தை மூடுவது அவன் வேலை. நல்ல கம்பெனிப் பெட்டியில் அவனுக்கு விவேகம் உண்டு. ஒரே சீராக ஓடுகிற விசிறியை மனிதக் குரல் என்று நம்ப மாட்டான். ரிப்பேர்காரர் பெட்டியில் இருந்தவன் வெள்ளந்தி. விசிறி ஓடினாலும் பாதி வழிவிடுவான், மூக்கை உறிஞ்சினால் முழு வழியும் விடுவான்.

யார் பக்கம் சாய வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல ஒரு திருகு இருந்தது. அரிசி அளவுத் திருகு. மைக் மாமா "ஹலோ" சொன்னதும் பெட்டி தெருநாய்களெல்லாம் எழுந்து நிற்கிற மாதிரி ஊளையிட்டதால், ரிப்பேர்காரர் அந்தத் திருகை வீட்டுப் பக்கம் முக்கால் சுற்றுத் திருப்பி வைத்தார். ஊளை நின்றது. உலகத்திலேயே இப்படி ஒரு பெட்டி கிடையாது என்று சொல்லிக்கொண்டார். அது உண்மைதான்.

பிறகு ஏழு ஞாயிறுகள் வந்தன.

மணி அடிக்கும். மூன்று பேரும் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். "அப்பா" என்று மகள் குரல் வரும், அதுவரை தெளிவு. உடனே மூன்று பேரும் பேச ஆரம்பிப்பார்கள். தண்ணீர் மோட்டார் கெட்டுப் போனதை மைக் மாமா ஆரம்பத்திலிருந்து சொல்வார். மோட்டாருக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார். மனைவி சாப்பிடச் சொல்வதை மட்டும் பதினைந்து விதமாகச் சொல்வாள். எல்லாம் முடிந்து ரிப்பேர்காரர் கையை உயர்த்துவார். வீடு அடங்கும்.

"வரட்டுமா கண்ணு?"

மூன்று தலைகளும் பெட்டியை நோக்கிக் குனியும். பதிலில் ஒரு எழுத்துகூடத் தவறக்கூடாது என்று, மூக்கு ஸ்பீக்கர் கம்பிவலையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து மூச்சைப் பிடிப்பார்கள். மூச்சைப் பிடிக்கிறோம் என்று அவர்கள்தான் நினைத்தார்கள். மைக் மாமா மூச்சைப் பிடித்தால் கிணற்றில் நீர் இறைக்கிற சத்தம் வரும். மனைவிக்கு மகள் குரல் கேட்டாலே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். தலைக்கு மேல் விசிறி தன் பங்குக்குக் கடகடக்கும்.

பெட்டியில் பதில் வராது. ஒரு நிமிஷம் போகும். பிறகு மைக் மாமா சாய்ந்து உட்கார்ந்து, விடுங்க மாப்பிள்ளை, அவளுக்கு வேலை இருக்கும் என்று எதையாவது சொல்வார். கடைசியில், சரிப்பா, வைக்கிறேன் என்பது மட்டும் தெளிவாக வரும்.

முதல் ஞாயிறு, லைனில் கோளாறு என்றார்கள். இரண்டாவது ஞாயிறு, அவளுக்குக் களைப்பு. மூன்றாவதில் மனைவி, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்றாள். நாலாவதில் ரிப்பேர்காரர் சாப்பிடவில்லை. வேண்டாம் என்றாவது சொல்லலாமே, இதுவரை அந்த ஒரு வார்த்தையாவது வந்துகொண்டிருந்ததே, கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லாத அளவுக்கு அப்பன் என்ன செய்துவிட்டான் என்று தனக்குள் புலம்பினார். நாமே கிளம்பிப் போய்விடலாம் என்று மனைவி ஆறாவது ஞாயிறு சொன்னாள்.

"கூப்பிடாம வராதேன்னு சொன்ன பொண்ணு," என்றார் ரிப்பேர்காரர். "இப்ப பதில்கூடச் சொல்றதில்ல. அவ வாசல்ல போய் நின்னு, ஏன் வந்தீங்கன்னு கேட்டா, அந்த இடத்துலயே நான் செத்துருவேன்."

ஏழாவது ஞாயிறும் அப்படியே போனது.

எட்டாவது ஞாயிறு காலையில் ரிப்பேர்காரரின் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். அவர் வீட்டுப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதேபோல் ஒன்று செய்யச் சொல்லி வாங்கிப் போனவர். பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு சங்கடம் என்று ஆரம்பித்தார்.

"என் மாமியார் மூணு வாரமா போன்ல பேசறதே இல்லை சார். முதல் வாரம் சந்தோஷமா இருந்தது. ரெண்டாவது வாரம் பயம் வந்துடுச்சு. இப்ப, எங்கம்மாவை என்ன சொல்லித் திட்டினீங்கன்னு பொண்டாட்டி என்னைப் போட்டு வதைக்கிறா."

ரிப்பேர்காரர் சிரித்தார். பெட்டியில் ஒன்றும் இருக்காது, மாமியாருக்குத்தான் ஏதாவது இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கடை லைனில் அதை மாட்டினார். பக்கத்து மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்து இங்கே போன் போட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கும்படி தையல்காரரை அனுப்பினார்.

மணி அடித்தது. பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தையல்காரர் குரல் வந்தது. கொஞ்சம் சன்னமாக இருக்கிறதே என்று ரிப்பேர்காரர் காதைப் பெட்டியருகே கொண்டுபோனார்.

குரல் நின்றது.

நிறுத்திவிட்டாரா என்று இன்னும் குனிந்தார். ஒன்றுமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நிமிர்ந்தார். நிமிர்ந்து கொஞ்ச நேரத்தில், முப்பத்தாறு, முப்பத்தேழு என்று வந்தது. மறுபடி குனிந்தார். நின்றது. தன் மூச்சுக் காற்று மைக்கின் சின்னத் துளைகளில் பட்டுத் தனக்கே திரும்புவதை மூக்கில் உணர்ந்தார். அப்படியே சிலையாக நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தையல்காரர் கோபத்தோடு திரும்பி வந்தபோதும் அவர் குனிந்துதான் இருந்தார்.

"என்ன சார், நானூறு வரைக்கும் எண்ணிட்டேன். மருந்துக்கடைக்காரர் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறார். நீங்க மாடு மாதிரி மூச்சு விடறது மட்டும் கேக்குது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் மூச்சு உங்களுக்குக் கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுதே."

"நீங்க எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?"

"அதான் சொல்றேனே, நானூறு."

ரிப்பேர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். கடையைப் பூட்டவில்லை. தையல்காரர் கடைக்குள்ளேயே நிற்கிறார் என்பதும் நினைவில் இல்லை. அறுபது வயதில் அந்தத் தெரு முழுவதும் அவர் ஓடினார். ஓடிய ஓட்டத்தில் பின்னால் நாலு பேர் என்ன ஏதென்று தெரியாமல் கூடவே ஓடி, பாதி வழியில் வெட்கப்பட்டு நின்றார்கள். ஏழு ஞாயிறு, ஏழு கேள்வி. அவள் பதில் சொல்லியிருக்கிறாள். மூன்று பேர் மூச்சை அவள் கேட்டுக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். ஆர்வமாக அவர்கள் குனியக் குனிய, அவர் கையால் வைத்த காவல்காரன் அவள் வாயை மூடியிருக்கிறான்.

வீட்டுக்குள் வந்ததும் விசிறியை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். மனைவியையும் மச்சானையும் எதிர்ச் சுவரோடு சுவராக நிற்கவைத்து, ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்றார்.

"மூச்சு விடாம எப்படி மாப்பிள்ளை?" என்றார் மைக் மாமா.

"வாயை மூடுங்க மச்சான். ஏழு வாரமா என் பொண்ணு பேசியிருக்கா."

மனைவி முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மணி பதினொன்று ஆக நாலு நிமிஷம் இருந்தது. பெட்டியின் பின்பக்க மூடியைக் கழற்றி, அரிசி அளவுத் திருகைத் தேடிப் பிடித்து, மறுபக்கம் திருப்பினார். பாதி போதுமா, முக்கால் வேண்டுமா என்று யோசிக்கிற நிதானம் இல்லை. இனி அவள் சொல்வதில் ஒரு சொல் போகக்கூடாது. திருகு முட்டுகிறவரை திருப்பினார்.

பெட்டியில் மணி அடித்தது. பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

"அப்பா."

அந்தக் குரல் அறை முழுக்க நிரம்பியது. அவள் பின்னால் யாரோ பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் துல்லியமாகக் கேட்டது. யாரோ எதையோ தரையில் இழுத்தார்கள்.

"இன்னிக்கு யாரும் பேசலையா? விசிறிகூடக் கேக்கலை." கொஞ்ச நேரம் ஆணிச் சத்தம் மட்டும். "பரவாயில்ல. நானே சொல்லிடறேன். ஒவ்வொரு வாரமும் வரட்டுமான்னு கேட்டீங்க. வாங்கன்னுதான்பா சொன்னேன். எழுந்து நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, பயமா இருக்கு, உடனே வாங்கன்னு சொன்னேன். நீங்க எல்லாரும் மூச்சு விடறது கேக்கும். ஒருத்தரும் வரோம்னு சொல்லலை. மாமா மோட்டாரைப் பத்திச் சொன்னாரு."

மைக் மாமா சுவரில் சாய்ந்தபடியே வழுக்கிக் கீழே உட்கார்ந்தார்.

"குழந்தை தங்கலைப்பா. புதன்கிழமை. பக்கத்து வீட்டம்மாதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தாங்க."

ரிப்பேர்காரர் பெட்டியின் மேல் பாய்ந்தார். கேட்கவில்லை கண்ணு, எங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் செய்த பெட்டி, என் புத்தி, இதோ கிளம்புகிறேன் என்று கத்தினார். அவர் வாழ்நாளில் கத்திய கத்தல்களையெல்லாம் மூட்டை கட்டினாலும் அதற்கு ஈடாகாது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மனைவி முந்தானையைத் துப்பிவிட்டு அலறினாள். கீழே உட்கார்ந்திருந்த மைக் மாமா எழுந்து, ஊரைக் கூட்டுகிற அந்தக் குரலை முழுதாகத் திறந்துவிட்டார்.

பெட்டி அவர்களைச் சட்டை செய்யவில்லை. முட்டுகிறவரை திருப்பிய திருகு, வீட்டுப் பக்கம் வழியே இல்லாமல் அடைத்திருந்தது. அங்கே அடித்த ஒவ்வொரு ஆணியும் இங்கே வந்தது. இங்கிருந்து ஒரு முனகல்கூட அங்கே போகவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் மகள்.

அவள் காத்திருந்தாள். காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. அவள் மூச்சு கேட்டது. ரிப்பேர்காரர் மண்டியிட்டு, பெட்டியின் பின்பக்கம் கை விட்டு, திருப்புளி முனையால் திருகைத் தேடினார். முனை திருகின் பள்ளத்தில் உட்காரவில்லை, வழுக்கியது, மறுபடி வழுக்கியது.

"சரிப்பா. இனிமே வர வேண்டாம். வீட்டைக் காலி பண்றேன். அவர் கப்பல் நிக்கற ஊருக்கே போயிடறேன், மத்தியானம் வண்டி. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

முனை உட்கார்ந்தது. கால் சுற்று திரும்பியது. "கண்ணு" என்றார். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் எழவில்லை. தரையில் இருந்தபடியே கையை மேலே நீட்டி, மகள் வீட்டு எண்ணைப் பொத்தான் பொத்தானாக அழுத்தினார். ஒரு முறை தவறி, லைனைத் துண்டித்து, மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி ஒலித்தது.

"அடிக்குது," என்றாள் மனைவி. பெட்டியருகே வந்து உட்கார்ந்துகொண்டாள். "அடிக்குதுங்க. அவ வீட்டுல அடிக்குது. பக்கத்துலதானே இருப்பா, இப்ப எடுத்துடுவா."

மைக் மாமாவும் வந்து குனிந்தார். மணி விட்டு விட்டு ஒலித்தது.

நமக்குக் கேட்கிற மணி அவள் வீட்டு மணி இல்லை என்பது ரிப்பேர்காரருக்குத் தெரியும். அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு மூலையில் பிறந்து, கூப்பிடுகிறவர் சும்மா காத்திருக்க வேண்டாமே என்று திருப்பி அனுப்புகிற சத்தம். அங்கே வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டிப் பெட்டியில் போட்டிருந்தாலும், வீடு காலியாகிக் கதவு பூட்டியிருந்தாலும், இந்தச் சத்தம் இதே மாதிரி, இதே இடைவெளியில் வந்துகொண்டுதான் இருக்கும்.

"எடுத்துடுவா, இல்லைங்க?" என்றாள் மனைவி.

எக்ஸ்சேஞ்ச் தானாகவே லைனைத் துண்டித்தது. அவர் மறுபடி எண்களை அழுத்தினார்.